பயிர்க்காவலரும் கண்ணிற் படும் உடையும்

நெற்கதிர் பால் பிடிக்கும் நாள் தொடங்கிச் சூடு மிதித்து முடியும் வரை கமக்காரரின் இரவுகள் வயலிலேயே கழிகின்றன. உழைத்த உழைப்பும், இட்ட பசளையும், பட்ட கடனும் கதிராகி நிற்கும் அவ்வேளையிலேயே காட்டுப்பன்றியும் வயலை நாடி வருகின்றது. ஒரு பன்றிக்கூட்டம் ஓரிரவில் தின்று தீர்ப்பதிலும் பார்க்க, மிதித்தும் கிளறியும் அழிப்பதே மிகுதி. ஆதலின் பரண் கட்டி, தீ மூட்டி, தகரம் தட்டிக் காவலிருத்தல் பழைய வழக்கம். உரிமம் பெற்ற துவக்கு உடையோர் அதனையும் உடன் கொண்டு செல்கின்றனர்.

கொழும்புத்துறை யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரையில் அமைந்த ஊர். ஏரிக்கு அப்பாற் கிடப்பது பூநகரி. முன்னாளில் மக்கள் தோணியில் ஏரியைக் கடந்து அக்கரைக்குச் சென்று வந்தனர். 2011ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், நாவற்குழி, கேரதீவு வழியாகத் தரைமார்க்கமாகவே பூநகரியை அடையலாம். இக்கரையில் மரக்கறித் தோட்டமும் அக்கரையில் நெல்வயலுமாகக் கமம் செய்வோர் இருவகை இரவுகளை அறிவர். ஊரிலே அயல் வீடுகளும் தெரு வெளிச்சமும் உண்டு. அக்கரையிலோ பற்றைக்காடும் இருளும் பன்றியும் துவக்கும் ஒருங்கே உள்ளன. அங்கே ஏற்படக்கூடிய பேரிழப்புப் பயிரிழப்பன்று. பன்றியென எண்ணி மனிதரைச் சுட்டுவிடுதலே பேரிழப்பு.

இதனைத் தடுப்பதற்குப் பல நாடுகள் கைக்கொண்ட எளிய வழியொன்று உண்டு. துவக்குடன் நிற்பவரும், அத்துவக்கின் எல்லைக்குள் நடமாடுபவரும், ஒருவர் கண்ணில் ஒருவர் தெளிவாகப் படும்படி உடுத்தல் என்பதே அது. அவ்வுடை யாது, அஃது எவ்வாறு உதவும், எவ்விடத்தில் உதவாது என்பன கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவை.

விபத்து எவ்வாறு நேர்கின்றது

இருவர் ஒரே வயலிற் காவலிருக்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் பரணில் துவக்குடன் இருக்கின்றார். மற்றவர் நீர் பார்ப்பதற்காக வாய்க்கால் வரம்பு வழியே செல்கின்றார். அவர் உடுத்திருப்பது மண்ணிறச் சாரமும் கறுத்த மேற்சட்டையும். தலையிற் சுற்றியிருப்பது நிறம் மங்கிய சால்வை. மடையைத் திறப்பதற்கு அவர் குனிகின்றார். உயர்ந்து நிற்கும் பயிரினிடையே குனிந்த மனிதரின் முதுகு மட்டுமே வெளியே தெரியும். அதன் உயரமும் வடிவமும் ஏறத்தாழப் பன்றியின் உயரமும் வடிவமுமே. பயிர் சலசலக்கின்றது. பரணிலிருப்பவரோ பல மணி நேரமாகப் பன்றியின் வரவையே பார்த்திருக்கின்றார். எதிர்பார்த்திருக்கும் மனம், எதிர்பார்த்ததையே கண்டதாகக் கொள்ளும்.

இங்குத் துவக்குக்காரர் கொடியவருமல்லர், பெரும்பாலும் அனுபவமற்றவருமல்லர். உறக்கமின்மை, மங்கிய ஒளி, மறைக்கும் பயிர், மண்ணோடு ஒத்த உடை ஆகிய நான்கும் கூடுகின்றன. முதல் மூன்றையும் முற்றாக நீக்குதல் அரிது. நான்காவதை நீக்குதல் கமக்காரரின் கையிலேயே உள்ளது.

பிற நாடுகளின் விதிகள்

ஐக்கிய அமெரிக்க நாடுகளில் மான் வேட்டைக்குச் செல்வோர் முற்காலத்திற் சிவப்புத் தொப்பியும் சிவப்புச் சட்டையும் அணிந்தனர். எனினும் விபத்துக்கள் ஓயவில்லை. 1960ஆம் ஆண்டையொட்டி மசாசூசெற் மாநிலத்திற் பல நிறத் துணிகளை வெவ்வேறு ஒளியில் வைத்து ஆராய்ந்தபோது, மினுங்கும் செம்மஞ்சளே கண்ணுக்கு மிக எளிதிற் படுவதெனக் கண்டனர். அதன் பின்னர் மாநிலங்கள் ஒவ்வொன்றாக அந்நிறத்தை விதியாக்கின. மெயின் மாநிலம் 1973ஆம் ஆண்டில் தன் எல்லை முழுவதற்கும் அதனை விதித்தது. மினுங்கும் இளஞ்சிவப்பையும் அணியலாமென 2016ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலம் இசைவளித்தது.

யாழ்ப்பாணத்து மக்கள் பலர் குடியேறி வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், துவக்கால் மான் வேட்டையாடும் பருவத்தில் வேட்டைக்காரர் செம்மஞ்சள் மேலாடையும் செம்மஞ்சள் தலையணியும் அணிதல் வேண்டும். மேலாடையின் செம்மஞ்சட் பரப்பு 400 சதுர அங்குலத்திற் குறையலாகாது. இஃது ஏறத்தாழ 2,580 சதுர சதம மீற்றர். பக்கத்துக்கு அரை மீற்றரைச் சிறிது மிஞ்சிய ஒரு சதுரத் துணியின் அளவு. அது இடுப்புக்கு மேல் எப்பக்கத்திலிருந்து நோக்கினும் தெரிய வேண்டும். கண்ணறை வலைத்துணியும், இலைபோற் கோலமிட்ட துணியும் இவ்வளவிற் சேரா. நிறம் துண்டு துண்டாய்ச் சிதறினால் உடலின் வடிவமும் சிதறி மறைந்துவிடும் என்பதே அதற்குக் காரணம்.

பிரான்சு நாட்டில் 2019ஆம் ஆண்டின் சட்டமொன்று, பன்றி முதலிய பெரு விலங்குகளைக் கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடுவோர் யாவரும் மினுங்கும் மேலங்கியை இடைவிடாது அணிதல் வேண்டும் என விதித்தது. அந்நாட்டுக் காட்டுப்பன்றியும் இலங்கைக் காட்டுப்பன்றியும் ஒரே இனத்தவை என்பது குறிப்பிடத்தக்கது. ஜேர்மனியிற் கமத்தொழில் விபத்துக் காப்புறுதிக்குரிய பாதுகாப்பு விதிகளே, கூட்ட வேட்டையில் ஈடுபடுவோர் சூழலினின்றும் நிறத்தால் வேறுபட்டுத் தோன்ற வேண்டும் எனக் கூறுகின்றன. ஆகவே இது பொழுதுபோக்கு வேட்டைக்காரருக்கு மட்டும் உரிய கருத்தன்று. கமத்தொழிலின் காப்பாகவே அங்குக் கருதப்படுகின்றது.

இலங்கைக் கமக்காரர் இத்தகைய உடை விதிக்குப் பழகியவரல்லர். எனவே ஒரு வயல்வெளியிற் காவல் செய்வோர் தாமே கூடிப் பேசித் தமக்குள் ஒரு விதியை அமைத்துக்கொள்ளல் நன்று.

ஏன் செம்மஞ்சள்?

வயலும் காடும் பச்சை, மண்ணிறம், வைக்கோல் நிறம் என்பவற்றால் நிறைந்தவை. மினுங்கும் செம்மஞ்சளை ஒத்த பொருள் அவ்விடத்திற் காண்டல் அரிது. அன்றியும் இந்நிறத் துணி சாதாரணச் சாயத் துணியினின்றும் வேறுபட்டது. அதிலுள்ள சாயம், கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த ஒளியையும் நீல ஒளியையும் உட்கொண்டு, அவற்றைச் செம்மஞ்சளாக மாற்றி வெளிவிடும். ஆகையாலேயே அத்துணி தானே ஒளி வீசுவது போலத் தோன்றுகின்றது. இத்தகைய சாயங்களை 1930களில் அமெரிக்காவிற் சுவிற்சர் சகோதரர் உருவாக்கினர். இரண்டாம் உலகப் போரில் அவை அடையாளத் துணிகளுக்குப் பயன்பட்டன. வைகறையிலும் அந்தியிலும் வானொளியில் நீலப் பங்கு மிகுதி. பன்றி நடமாடத் தொடங்கும் அம்மங்கற் பொழுதிலேயே இத்துணி சிறப்பாகத் துலங்குவது கமக்காரருக்கு வாய்ப்பானதே.

ஏனைய நிறங்களின் இயல்பும் அறியத்தக்கது.

சிவப்பு: பகலில் எடுப்பானது. அந்தி சாயச் சாய மனிதக் கண்ணுக்கு முதலில் மங்கிக் கறுப்பது சிவப்பே. ஆகவே சிவப்புச் சால்வை போதாது.

பச்சை கலந்த மஞ்சள்: தெருவில் நன்று. பச்சைப் பயிரின் நடுவிலும் பழுத்த கதிரின் நடுவிலும் செம்மஞ்சள் போல அது பிரிந்து தோன்றாது.

வெள்ளை: இருளிற் கறுப்பிலும் மேலானது. ஆயினும் பகலில் வயலிலே வெள்ளையாகத் தெரிவது கொக்காகவும் இருக்கலாம். அமெரிக்காவில் மானின் வாலடி வெண்மையானது. ஆதலின் அங்கு வேட்டைக்குச் செல்வோர் வெள்ளைக் கைக்குட்டையையும் வெளியே எடுக்கலாகாதென அறிவுறுத்தப்படுகின்றனர்.

கறுப்பு, கருநீலம், மண்ணிறம், படையினர் உடைபோன்ற கோலத்துணி: இவை காவலிற் கட்டாயம் தவிர்க்க வேண்டியவை.

பன்றி விலகி ஓடிவிடுமா?

இத்தகைய எடுப்பான நிறத்தைக் கண்டாற் பன்றி அணுகாதே எனச் சிலர் ஐயுறக்கூடும். மனிதக் கண்ணில் நிறமறியும் உறுப்புக்கள் மூவகை. பன்றியின் கண்ணிலோ இருவகையே. சிவப்பையும் செம்மஞ்சளையும் பச்சையினின்றும் பிரித்தறிய அதனால் இயலாது. மானின் கண்ணும் அத்தகையதே. செம்மஞ்சள் அங்கி அவற்றுக்கு மற்றுமொரு மங்கிய துணியாகவே தோன்றும். பன்றி மனிதரை அறிவது பெரிதும் மோப்பத்தாலும் ஓசையாலுமேயாம். ஆதலிற் காற்றுக்கு எதிர்த்திசையில் அமர்ந்து அசையாதிருப்பவர் எந்நிற அங்கி அணிந்திருப்பினும் இழப்பதொன்றுமில்லை. பறவைகள் நிறங்களை நன்கறிபவை. அதனாலேயே பல நாடுகளில் நீர்ப்பறவை வேட்டைக்கு இவ்விதி விலக்கப்பட்டுள்ளது.

இருளில் நிறம் உதவாது

இங்கு ஒரு செய்தியை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மேனாட்டு விதிகள் பெரும்பாலும் பகல் வேட்டைக்கென அமைந்தவை. பயிர்க்காவலோ பெரும்பாலும் இரவில் நிகழ்வது. வானொளி அற்றபோது செம்மஞ்சட் சாயத்துக்கு உட்கொள்ள ஒளியில்லை; அது கறுத்த துணி போலவே கிடக்கும்.

இரவில் உதவுவது ஒளிதெறிப்புப் பட்டி. தெருவேலை செய்வோரின் மேலங்கியிற் சாம்பல் வெள்ளையாகத் தைக்கப்பட்டிருப்பது அதுவே. அதன் மேற்பரப்பில் மிக நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிந்துள்ளன. தம்மேற் படும் ஒளியை நாற்புறமும் சிதறவிடாது, வந்த வழியே திருப்பியனுப்புதல் அவற்றின் இயல்பு. ஆகவே ரோச் விளக்கைப் பிடித்தவரின் கண்ணுக்கு அப்பட்டி வெள்ளை நெருப்புப் போலப் பளிச்சிடும். விளக்குக் கண்ணுக்கு அண்மையில் இருந்தால் இப்பயன் மிகும். நெற்றியிற் கட்டும் விளக்கு இதற்கு ஏற்றது. விளக்கில்லாதவருக்கு இப்பட்டி ஒன்றையும் காட்டாது என்பதையும் மறத்தலாகாது.

செம்மஞ்சள் அந்திக்கு, ஒளிதெறிப்புப் பட்டி இருளுக்கு. இரண்டும் ஒரே அங்கியில் அமைந்திருத்தல் வேண்டும்.

காவலர் அணிய வேண்டியவை

1. மேலங்கி. முன்னும் பின்னும் முழுமையாக மினுங்கும் செம்மஞ்சள் நிறமாயிருத்தல் வேண்டும். இடுப்பைச் சுற்றியும் இரு தோள்களின் மேலும் ஒளிதெறிப்புப் பட்டி இருத்தல் வேண்டும். வீதி வேலைக்கென விற்கப்படும் அங்கியே போதுமானது.

2. தலையணி. உயர்ந்த பயிரின் நடுவிலும் பற்றையின் பின்னும் முதலில் வெளிப்படுவது தலையே. செம்மஞ்சள் தொப்பியோ தலைப்பாவோ அணிந்து, அதனைச் சுற்றி ஒரு பட்டி தைத்தல் வேண்டும்.

3. மணிக்கட்டும் கணுக்காலும். இவ்விடங்களிற் சிறு பட்டிகளைக் கட்டுதல் பெரும் பயன் தரும். அசையாத ஒளிப்புள்ளி யாதென எவருக்கும் விளங்காது. கைவீசிக் கால் மாறி நடக்கும் ஒளிப்புள்ளிகளைக் கண்டவுடன் மனித நடையென மனம் அறிந்துகொள்ளும்.

4. மேற்போர்வை. மாரி மழையில் அங்கியின் மேல் மழைச்சட்டையும், மார்கழி, தைக் குளிரிற் கறுத்த போர்வையும் போர்த்துக்கொள்வது பெருந்தவறு. உள்ளே மறைந்த அங்கி எவரையும் காக்காது. மழைச்சட்டைக்கும் போர்வைக்கும் மேலேயே அங்கியை அணிய வேண்டும். அதற்கேற்பச் சற்றுப் பெரிய அளவில் வாங்குதல் நன்று.

5. யாவருக்கும். துவக்கு வைத்திருப்பவர் மட்டும் அணிவதாற் பயனில்லை. பெரிதும் ஆபத்துக்குள்ளாவோர் துவக்கில்லாதவரே. நீர் பார்ப்பவர், இரவுணவு கொண்டு வருபவர், அயல் வயற் காவலர், மாடு தேடி வருபவர் யாவருக்கும் இது தேவை. மேலதிகமாக இரண்டொரு அங்கிகளைக் காவற் குடிலில் வைத்திருத்தல் வேண்டும்.

6. பேணுதல். சேறு படிந்த பட்டி ஒளி தெறிக்காது. ஈரத் துணியால் அவ்வப்போது துடைக்க வேண்டும். வெளிற்றும் மருந்திட்டு வெளுத்தலும், பட்டியின் மேற் சூடான மினுக்கி வைத்தலும் ஆகா. வேலியில் நாட்கணக்காக வெயிலிற் கிடந்தாற் சாயம் வெளிறும். வெளிறிய அங்கியைத் தோட்ட வேலைக்கு விட்டுவிட்டுக் காவலுக்குப் புதியதொன்றை எடுத்தல் வேண்டும்.

அங்கி பயன்படுமா என அறிய எளிய சோதனையொன்று உண்டு. ஒருவர் அதனை அணிந்து அந்தியிற் பயிரினிடையே ஐம்பது அடி தூரத்திற் குனிந்து நிற்க, மற்றவர் துவக்கின்றிப் பரணிலிருந்து வெறுங்கண்ணாலும், இருண்டபின் ரோச் விளக்காலும் பார்த்தல் வேண்டும். ஐயமின்றி மனிதரென அறிய முடிந்தால் அவ்வங்கி தக்கது.

உடையால் நீங்காத ஆபத்துக்கள்

செம்மஞ்சள் அங்கி அணிந்தோரும் சுடப்பட்ட செய்திகள் பிற நாடுகளில் உண்டு. சுடுபவர் இலக்கை ஐயமற அறிந்த பின்னரே சுடவேண்டும் என்ற கடமை எல்லா உடைக்கும் மேற்பட்டது. மேலும், வழி தவறியோ அவசரத்திலோ வயலுக்குள் வரும் ஒருவர் அங்கி அணிந்திருப்பாரென எதிர்பார்க்க முடியாது. "செம்மஞ்சள் தெரியவில்லை, ஆகவே அது மனிதரன்று" என முடிவு செய்வதே பெருந்தவறு.

இருளிற் கண்ணொளியை நம்பிச் சுடும் வழக்கமும் கேடானது. மாடு, நாய், மான் முதலியவற்றின் கண்ணினுள்ளே ஒளியைத் திருப்பும் படலமொன்று உண்டு. ரோச் வெளிச்சம் பட்டதும் அவற்றின் கண்கள் மின்னும். பன்றியின் கண்ணில் அப்படலம் இல்லை. எனவே பளிச்செனக் கண் மின்னினால் அது பெரும்பாலும் அயலவரின் மாடாகவோ நாயாகவோ இருக்கும். கண் மின்னாத கரிய உருவமாயின் அது பன்றியாகவும் இருக்கலாம், மனிதராகவும் இருக்கலாம். ஏனெனில் மனிதக் கண்ணிலும் அப்படலம் இல்லை. முழு உருவமும் தெளியும் வரை விரல் விசையிற் படலாகாது.

இலக்கின் பின்னணியும் நோக்கத்தக்கது. பூநகரி வயல்கள் சமதரையானவை. குறிதவறிய குண்டைத் தடுக்க மேடில்லை. பன்றிக்கென இடும் பெரிய ஈயக் குண்டுகள் சில நூறு மீற்றர் வரை செல்லக்கூடியவை. அத்தூரத்தில் அடுத்தவரின் காவற் குடில் இருக்கக்கூடும். பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது குண்டு மண்ணிற் புதையும். ஆதலிற் சமதரையில் நின்று சுடுவதிலும் பரண் மேலானது.

இருட்டுமுன் காவலர் யாவரும் ஒன்றுகூடி, எவர் எங்கே இருப்பார், எத்திசையிற் சுடலாகாது என்பவற்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இடம் விட்டு எழுபவர், "அண்ணை, நான் மடைக்குப் போறன்" என உரத்துக் கூறி, மறுமொழி கிடைத்த பின்னரே நகர வேண்டும். மறுமொழி சொன்னவர், அவர் திரும்பும் வரை துவக்கிலிருந்து தோட்டாவை எடுத்துவிடுதல் வேண்டும். மது அருந்தியவர் துவக்கைத் தொடலாகாது.

கட்டுத்துவக்கைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். கம்பியிற் கால் இடறியதும் வெடிக்கும்படி அதனைப் பன்றியின் உயரத்துக்குக் கட்டிவைக்கின்றனர். அவ்வுயரம் மனிதரின் முழங்காலின் உயரமுமாகும். விறகு பொறுக்கச் சென்றோரும், மாடு தேடிச் சென்றோரும், கட்டியவரேயும் அதனாற் காலிழந்ததுண்டு, உயிரிழந்ததுமுண்டு. கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. எத்துணை எடுப்பான உடையும் அதன் முன் பயன்படாது. மின்சாரம் பாய்ச்சிய வெறுங்கம்பியும், இரையினுள் மறைத்த வெடியும் இத்தகையனவே. இவை சட்டத்துக்கும் மாறானவை, அயலவருக்கும் மாறானவை.

சட்டமும் கமக்காரரும்

துவக்கு வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் உரிமம் தேவை; அஃது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுதல் வேண்டும். ஒருவரின் துவக்கை மற்றவரிடம் கொடுத்துக் காவலுக்கு அனுப்புதல் தகாது. வன விலங்குகள் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாற் காக்கப்படுகின்றன. பயிர்க்காவலுக்குப் பெற்ற துவக்கால் மானையோ மரையையோ வேட்டையாடுதல் குற்றமாகும். ஐயம் எழுமிடத்துக் கமநல சேவை நிலையத்திலும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திலும் கேட்டறிந்துகொள்ளலாம். எவரேனும் காயமுற்றாற் குருதி வழியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்து, 1990 என்னும் இலக்கத்துக்கு அறிவித்து நோயாளர் வண்டியை உடனே வரவழைத்தல் வேண்டும்.

ஊரிலும் பயன்

இவ்வங்கியின் பயன் அக்கரை வயலோடு முடிவதன்று. விடியுமுன் துவிச்சக்கர வண்டியிற் கத்தரியும் கீரையும் ஏற்றித் திருநெல்வேலிச் சந்தைக்குச் செல்லும் தோட்டக்காரரையும் அதே ஒளிதெறிப்புப் பட்டி காக்கும். பின்னே வரும் வாகனத்தின் விளக்கொளி அதிற் பட்டதும் சாரதி தொலைவிலேயே கண்டுகொள்வார். மரக்கறிக் கடகம் முதுகை மறைக்குமாயின், கடகத்தின் பின்புறத்திலும் ஒரு பட்டியை ஒட்டிவிடுதல் நன்று.

நினைவிற் கொள்ள வேண்டியவை

அந்திக்குச் செம்மஞ்சள், இருளுக்கு ஒளிதெறிப்புப் பட்டி.

அங்கி எப்போதும் எல்லா உடைக்கும் மேலே.

துவக்குடையோரும் துவக்கில்லாதோரும் ஒருங்கே அணிதல் வேண்டும்.

குரல் கொடாமல் எவரும் இடம் விட்டு நகரலாகாது.

முழு உருவும் பின்னணியும் தெளியாமற் சுடலாகாது.

கட்டுத்துவக்கு எவ்விடத்தும் வேண்டா.

ஐயம் எழுந்தவிடத்து வெளிச்சம் பாய்ச்சிக் குரல் கொடுப்பதாற் பன்றி தப்பி ஓடக்கூடும்; ஒரு பாத்தி நெல்லும் அழியக்கூடும். அடுத்த போகத்தில் அப்பாத்தியை மீண்டும் விதைக்கலாம். மடை திறக்கச் சென்றவரை மீண்டும் பெறுதல் இயலாது.